கடைசியாக முழங்காலிட்டவள்

அக்கா முதன்முதலில் எங்கள் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஆர்மோனியத்தில் இருந்தேன். ஆரம்பக் கீர்த்தனை பாதி ஓடிக்கொண்டிருந்தபோது பின்னால் பாட்டு மெலிந்தது. கூட்டத்தில் நாலு பேர் பாடுவதை நிறுத்தினால் வாசிக்கிறவளுக்கு முதலில் தெரிந்துவிடும். தலையைத் தூக்கிப் பார்த்தேன். வாசலில், ஊதாப் பூப்போட்ட வாயில் புடவையில், முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு ஒருத்தி நின்றிருந்தாள். நல்ல உயரம், அகலமான தோள். வலது பக்கம் ஆண்கள், இடது பக்கம் பெண்கள், நடுவில் பீடம் வரைக்கும் வெறும் தரை. அந்த நடுத்தரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெண்கள் பக்கம் வந்து, கடைசிப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஓரடி நகர்ந்துகொண்டார்கள்.

இரண்டாவது வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா இருந்தார். அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா என்று இப்போது எழுதுகிறேன். சிங்கவரம் சாலையில் இருந்த எங்கள் காலனியில் அவர்கள் வீடு எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது. சின்ன வயதில் நான் அண்ணா என்று கூப்பிட்ட ஆள். ஐந்து வயது மூத்தது. பதினேழு வயதில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போனது. எங்கே போனது, யாரோடு போனது என்று எல்லோருக்கும் ஓரளவு தெரியும். அவள் அம்மாவிடம் யாராவது கேட்டால், “மிலிட்டரியில இருக்கான், லீவு கெடைக்கல” என்பார். நான் அவரைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். புருஷன் இல்லை, வேறு பிள்ளை இல்லை. மண்டியில் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, உரித்துக் காலம் தள்ளினார். பன்னிரண்டு வருஷம் அவர் மகனுக்கு லீவு கிடைக்கவே இல்லை.

அன்று மாதத்தின் முதல் ஞாயிறு. அப்பமும் திராட்சை ரசமும் பகிரும் திருவிருந்து இருந்தது. எங்கள் போதகரை ஐயர் என்போம்; அப்போது வயதான ஐயர் ஒருவர் இருந்தார். ஆண்கள் முடிந்து பெண்கள் பீடத்துக்கு முன்னால் உள்ள கிராதிக்குப் போய் முழங்காலிட்டபோது அக்காவும் எழுந்து போனாள். ஐயர் அப்பத்தைக் கொடுத்தார். பாத்திரத்தைக் கொடுத்தார். மற்றவர்களுக்குச் சொன்ன வார்த்தைகளையே அவளுக்கும் சொன்னார். பாட்டின் அடுத்த அடி எங்கே என்று என் விரல் தேடியது.

ஆராதனை முடிந்து, நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் அப்பா ஐயரிடம் போய் மெதுவாக ஏதோ கேட்டார். ஐயர் சத்தமாகவே பதில் சொன்னார்.

“வாத்தியாரே, கிராதிக்கு ஆம்பள பக்கம் பொம்பள பக்கம் கெடையாது. முழங்கால் போட்டவங்களுக்குக் குடுக்கறதுதான் என் வேலை.”

நைனா தோள் துண்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். அவர் யூனியன் பள்ளியில் தலைமை ஆசிரியர், சபைக் கமிட்டியின் செயலாளர். அந்தக் கோயிலில் ஐயர் வருவார், போவார். நைனாதான் நிலையாக இருந்தார். அதற்குக் காரணம் இருக்கிறது.

எங்கள் கோயில் வெள்ளைக்காரர் காலத்து ஆங்கிலிக்கன் கோயில். கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை, பீடத்துக்குப் பின்னால் ஒரே ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல். பேராயரும் பேராலயமும் தூரத்துப் பட்டணத்தில். நைனா வாலிபராக இருந்தபோது இந்தச் சின்னக் கோயிலில் இரண்டு பாத்திரங்கள் இருந்தன. ஊர்த்தெருவிலிருந்து வந்த கிறிஸ்தவர்களுக்கு வெள்ளிப் பாத்திரம். காலனியிலிருந்து வந்த எங்களுக்கு ஈயம் பூசிய பித்தளை. அவர்கள் குடித்து முடித்துப் பாய்க்குத் திரும்பிய பிறகுதான் எங்கள் ஆட்கள் எழுந்திருக்க வேண்டும். ஓர் ஈஸ்டர் அன்று நைனா முதல் வரிசையில் போய் முழங்காலிட்டு வெள்ளிப் பாத்திரத்துக்கு வாயைத் திறந்தார். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் வைத்து அவரை அறைந்தார்கள். அடுத்த மாதம் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய் மறுபடியும் முழங்காலிட்டார். ஒரு வருஷம் இழுபறி. சில குடும்பங்கள் வேறு கோயிலுக்குப் போய்விட்டன. இருந்தவர்கள் ஒரே பாத்திரத்தில் குடித்தார்கள். பித்தளைப் பாத்திரத்தை நைனா தன் கையாலேயே கிணற்றில் போட்டார். ஒவ்வொரு சபை நாளன்றும் அவர் இந்தக் கதையைச் சொல்வார். அந்தக் கதையின் மகளாகத்தான் நான் ஆர்மோனியத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பெரியம்மா அக்காவை வீட்டில் சேர்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பிரியாணி செய்கிற பாய் ஒருவர் இருந்தார். பல தலைமுறையாக ஊரில் இருக்கும் குடும்பம். அவர் தன் வீட்டுக்குப் பின்னால் ஓர் அறையும் அடுப்படியில் வேலையும் கொடுத்தார். வல்லம், சீயமங்கலம் வரைக்கும் பாயின் அண்டாக்கள் வண்டியேறிப் போகும். அக்காவும் கூடப் போவாள். வேலை முடிந்து வந்தால் பாய் வீட்டுப் பெண்கள் ஒரு பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கமாக ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். அக்காவுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. இதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அவர்கள் அதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை.

நான் அப்போது டீச்சர் ட்ரெயினிங் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் தனியாகக் கோயிலில் உட்கார்ந்து மறுநாள் பாட்டுகளைப் பழகுவேன். அக்கா வந்து தூரத்தில் உட்கார்ந்து கூடவே பாடுவாள். கனமான குரல். எங்கள் சுருதிக்கு ஏறாமல் கீழேயே நிற்கும். இரண்டு வாரம் கழித்து நான் அவளுக்காகக் கட்டையைக் குறைத்து வாசித்தேன். அவள் பாடி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“என்னை நீ இன்னான்னு கூப்புடுவே?”

நான் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினேன்.

“ரெண்டு மாசமா பாக்கறேன். கூப்புடாமலே பேசற. ஏய்னுகூட சொல்றதில்ல.”

“அக்கான்னு கூப்புடட்டா?”

அவள் முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். “கூப்டு. நாலு பேரு முன்னால வேணாம். ஒனக்குக் கஷ்டமாயிடும்.”

அது அவள் எனக்குக் கொடுத்த சலுகை. நான் அதை முழுசாக எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமைகளில் அவள் எனக்கு அக்கா. ஞாயிற்றுக்கிழமைகளில் தலையாட்டுவதோடு சரி.

திருவிருந்தில் ஒரு மாற்றம் மெதுவாக வந்தது. கிராதியில் ஒரு தடவைக்கு எட்டுப் பேர் முழங்காலிடலாம். அக்கா எழுந்தால் அவளுக்கு முன்னால் போய்விட வேண்டுமென்று பெண்கள் அவசரப்பட்டார்கள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள்கூட ஓட்டமும் நடையுமாகப் போனார்கள். அவள் வாய் வைத்த பாத்திரத்தில் குடிக்கக்கூடாது, அவ்வளவுதான். மூன்றாவது மாதம் அக்கா தானாகவே கடைசியில் போக ஆரம்பித்தாள். எட்டுப் பேருக்கான கிராதியில் அவள் ஒருத்தி மட்டும் முழங்காலிட்டிருப்பாள். ஐயர் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பீடத்துக்குத் திரும்புவார். பாத்திரத்தில் மீதியிருக்கும் ரசத்தைக் கீழே ஊற்றக் கூடாது என்பது முறை. கொடுத்தவரே குடித்து முடிக்க வேண்டும். அந்தக் கிழவர் அவள் வாய் வைத்த பாத்திரத்தைத் தூக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிப்பார். எல்லோரும் பார்க்கும்படி பார்வையை இந்தப் பக்கம் வைத்துக்கொண்டுதான் குடிப்பார்.

வாத்தியம் வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே கொடுத்துவிடுவது வழக்கம். அதனால் நான் அவளுக்குப் பின்னால் குடிக்கும் நிலைமை ஒருநாளும் வரவில்லை. மற்றவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். ஒரு ஞாயிறாவது ஆர்மோனியத்தை மூடிவிட்டுப் போய் அவள் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கலாம். செய்யவில்லை. வாசிக்க ஆள் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் சபை நாளுக்குப் பேராயர் வந்தார். பாய் வேறு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்ததால், அக்கா ஒருத்தியாக நின்று சபை முழுமைக்கும் சமைத்தாள். கோயிலுக்குப் பின்னால் கீற்றுப் பந்தல் போட்டு, விடிகாலையிலிருந்து புகையில் நின்றாள். பேராயர் எல்லோரோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். நைனா பாத்திரத்தின் கதையைச் சொன்னார். பேராயர் எழுந்து, ஊரும் காலனியும் பிரிவில்லாமல் ஒரே பாத்திரத்தில் பங்கெடுக்கும் சபையைத் தான் பார்த்துவிட்டதாகவும், பேராலயத்து மேடையில் இதை எடுத்துச் சொல்லப்போவதாகவும் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு, சாப்பாடு யார் கைவண்ணம் என்று கேட்டார்.

“நம்ம பாய் ஆளுங்க ஐயா,” என்றார் நைனா.

அக்கா ரசவாளியோடு பந்தல் முனையில் நின்றிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு இலைதான். அவளுக்குக் கேட்டது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, கரண்டியை அதன் மேல் குறுக்காக வைத்துவிட்டு உள்ளே போனாள். நான் அந்த வாளியை எடுத்துப் பரிமாறினேன்.

மறு வருஷம் கிழவர் மாற்றலாகிப் போனார். புதிதாக வந்த ஐயர் சின்ன வயது. கிட்டார் வாசிப்பார். அன்பைப் பற்றித் திரும்பத் திரும்பப் பிரசங்கம் செய்வார். ஒருநாள் சாயந்திரம் எங்கள் வீட்டு முன்னறையில் கமிட்டி கூடியிருந்தது. நான் காபி எடுத்துக்கொண்டு போனபோது அவர் நைனாவிடம் தயங்கித் தயங்கிப் பேசிக்கொண்டிருந்தார். பேப்பரில் ஏதோ புது வியாதி பற்றி எழுதுகிறார்கள், மருந்தே இல்லையாம், எப்படிப் பரவுகிறது என்று ஒருத்தருக்கும் சரியாகத் தெரியவில்லை. தனக்கொன்றும் இல்லை. ஆனால் மீதியை அவர்தான் குடிக்க வேண்டியிருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

யாரும் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. நைனா காபியை ஆற்றிக் குடித்து முடித்தார். பிறகு, பட்டணத்தில் சில கோயில்களில் ஆளுக்கொரு சின்னக் கண்ணாடிக் கிண்ணம் வைக்கிறார்கள் என்று சொன்னார். சுகாதாரம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடலாம் என்றார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

அவர்கள் போன பிறகு நான் அவரிடம் போய் நின்றேன். அதற்கு முன் நைனாவை எதிர்த்து நான் பேசியதில்லை.

“நைனா, அந்த ஒரே பாத்திரத்துக்காகத்தான ஒன்ன அடிச்சாங்கோ?”

“அது ஜாதி. இது வேற.”

“இன்னா வேற?”

“நம்மள பொறந்த பொறப்புக்கு ஒதுக்கினாங்க. அவன் தானா போயி இப்டி ஆயிட்டு வந்து நிக்கறான். ரெண்டும் ஒண்ணா?” எழுந்து போய் ஜன்னல் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “நாம தல நிமுந்து ஒக்காந்து எத்தினி வருஷம் ஆச்சி? அதுக்குள்ள இவனையும் சேத்துக்கினா, பாரு அவங்க கோயிலு எப்டி இருக்குதுன்னு ஊரு பேசும். எனக்குத் தெரியும் அவங்க எப்டிப் பேசுவாங்கன்னு.”

அவர் பயப்பட்டார். கன்னத்தில் விழுந்த அந்த அறை இன்னும் காயாமல் இருந்திருக்க வேண்டும். அது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் மேலே பேசவில்லை. இப்போது நினைத்தால், பேசாமல் இருக்க எனக்கு ஏதாவது ஒரு காரணம் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிப் பாத்திரம் பீரோவுக்குள் போனது. கண்ணாடிக் கிண்ணங்கள் வந்தன. கண்மருந்து ஊற்றும் குப்பி அளவுக்குத்தான் இருக்கும். முதல் தடவை தட்டிலிருந்து கிண்ணத்தை எடுத்தபோது அக்கா அதை விரல் நுனியில் பிடித்து ஒரு கணம் பார்த்தாள். குடித்துவிட்டு வைத்தாள். அடுத்த சனிக்கிழமை என்னிடம், “நல்லதுதான். இனிமே யாரும் முந்திக்கினு ஓட வேணாம்,” என்றாள். சிரிக்கத்தான் செய்தாள்.

கிண்ணங்களைக் கழுவுவது பெண்கள் சங்கத்தின் வேலை. இரண்டாவது மாதம் என் முறை வந்தது. சோப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்க்கும்போது, ஒன்றின் அடியில் சிவப்புப் பொட்டு ஒன்று இருந்தது. நகப் பாலீஷ். எதற்கென்று கேட்கத் தேவையில்லை. எந்த வீட்டுப் பெண் வைத்தாள் என்று நான் விசாரிக்கவும் இல்லை. பிளேடால் சுரண்டிவிட்டேன். அடுத்த மாதம் வேறு யாரோ கழுவினார்கள். பொட்டு மறுபடியும் இருந்தது. அன்று தட்டு அக்காவிடம் வந்தபோது அதில் ஒரே ஒரு கிண்ணம்தான் மீதி இருந்தது. அவள் குடித்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தாள். எவ்வளவு நாளாகத் தெரியுமோ. மறுபடியும் தட்டில் வைத்துவிட்டு, முழங்காலிலிருந்து எழுந்து, நடுத்தரை வழியாக நேராக வாசலுக்குப் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். நான் பாட்டை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அவள் ஆராதனைக்கு வரவே இல்லை. சனிக்கிழமைகளிலும் வரவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை.

ஏழெட்டு மாதம் கழித்துப் பெரியம்மா படுத்துக்கொண்டார். வயிற்றில் கட்டி. வேலூர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். காலனிப் பெண்கள் காலையில் களை எடுக்கப் போய்விட்டால் சாயந்திரம் வரைக்கும் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நேரத்தில் அக்கா பஸ் ஸ்டாண்டிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி கொண்டுவர ஆரம்பித்தாள். முதல் நாள் பெரியம்மா கதவைத் திறக்கவில்லையாம். இரண்டாம் நாள் திறந்தாராம். ஒருநாள் நான் மாத்திரை கொடுக்கப் போனபோது, பெரியம்மாவின் தலை அக்காவின் மடியில் இருந்தது. அக்கா சீப்பால் மெதுவாகச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். தலையை எடுக்கவில்லை. மாத்திரையைத் திண்டு மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் பெரியம்மா போய்விட்டார். அக்காதான் பக்கத்தில் இருந்தாள். சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. கமிட்டிக்காரர்கள் வேப்பமரத்தடியில் நின்று பேசிவிட்டு வந்தார்கள். நைனா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கையில் அவருடைய வெள்ளை முழுக்கைச் சட்டையும் வேட்டியும் இருந்தன. காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவதற்காக நான் இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டை.

“பையனா வந்தா பெட்டிக்குத் தோள் குடுக்கலாம், மொத மண்ணு போடலாம். பொடவையோட வந்தா கல்லறத் தோட்டத்துக்குள்ள வுட முடியாது. கமிட்டி முடிவு.” சட்டையை என் கையில் வைத்தார். “நீ சொன்னா கேப்பான்.”

நான் எடுத்துக்கொண்டு போனேன். மறுக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை. அக்காவைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் சட்டையைத் தொடாமல் பார்த்தாள்.

“இது யாருது?”

“நைனாவுது.”

“அவரு குடுத்தாரா, நீயா எடுத்தாந்தியா?”

“அவருதான்.”

உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

“நீ இன்னா சொல்ற?”

அவள் என்னைக் கேட்டது அதுதான். கமிட்டியையோ ஐயரையோ கேட்கவில்லை. அப்போது நான் என்ன சொன்னாலும் கேட்டிருப்பாள். சட்டையைத் தூக்கிப் போடு அக்கா, நான் உன்கூட கேட்டுக்கு வெளியில நிக்கறேன் என்று சொல்லியிருக்கலாம்.

“அம்மாவுக்கு மண்ணு போடணும் இல்ல,” என்றேன்.

பின்னலை முன்னால் இழுத்துப் பிடித்தாள். பிறகு, “கத்திரிக்கோலு இருக்குதா?” என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். என் துணி வெட்டும் கத்திரிக்கோல். அவளுக்கு இடுப்பு வரைக்கும் பின்னல் இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “நீயே வெட்டு. எனக்குக் கை வராது,” என்றாள். அடர்த்தியான முடி, கத்திரி சறுக்கியது. நாலைந்து தடவை அழுத்த வேண்டியிருந்தது. வெட்டி முடித்ததும் பின்னலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு அதைச் சுருட்டி என்னிடமே கொடுத்தாள்.

“அம்மா கால் மாட்டுல வெச்சுடு. போர்வைக்கு அடியில. யாருக்கும் தெரிய வேணாம்.”

பெட்டியை மூடுவதற்கு முன்னால், போர்வையைச் சரி செய்வதுபோல அதை வைத்துவிட்டேன். அந்த ஒன்றை மட்டும் அவள் சொன்னபடி செய்தேன்.

நைனாவின் சட்டை அவளுக்குத் தோளில் இறுகியது. மேல் பொத்தானைப் போட முடியவில்லை. பெட்டியின் முன் வலது முனையைத் தூக்கிக்கொண்டு போனாள். கல்லறைத் தோட்டம் மலையடிவாரத்தில் இருக்கிறது. அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அன்று அவளிடம் அன்பாக இருந்தார்கள். இவ்வளவு நாளும் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். “தம்பி, மனச தேத்திக்க,” என்றார்கள். முதல் மண்ணைப் போடும்போது நைனா அவள் தோளில் கை வைத்திருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அவருக்கு உண்மையாகவே ஏதோ நல்லது நடந்துவிட்டதாகத் தோன்றியிருக்கிறது.

அன்று சாயந்திரமே அக்கா போய்விட்டாள். பாயிடம் மட்டும் சொல்லிவிட்டுத் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறினாளாம். நாங்கள் கோயிலில் ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது எங்கள் கொடியில் சட்டையும் வேட்டியும் துவைத்துப் பிழிந்து ஈரத்தோடு தொங்கின.

ஞாயிற்றுக்கிழமை புது ஐயர், தகப்பனை விட்டுப் போய்த் திரும்பி வந்த மகனைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நம் சபையிலேயே இந்த வாரம் அதைக் கண்ணால் பார்த்தோம் என்றார். பெண்கள் பக்கம் விசும்பல் கேட்டது. வந்த மகன் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. நைனா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அதே சட்டையைப் போட்டிருந்தார். அவருக்கு நல்ல சட்டை என்று இருந்தது இரண்டுதான்; வேண்டுமென்று செய்ததில்லை. நான் பிரசங்கத்துக்குப் பிந்திய பாட்டை வாசித்தேன். ஒரு சுரம்கூடத் தப்பவில்லை.

பாயிடம் பம்பாய் விலாசம் ஒன்று இருந்தது. ஆறு மாதம் கழித்து அதை வாங்கி அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். என்னென்னவோ எழுதினேன். நைனா பயத்தில் செய்தார் என்று அவருக்காகவும் எழுதினேன். மன்னிப்பு என்ற வார்த்தை பல தடவை வந்திருக்கும். பதிலாக ஒரு போஸ்ட் கார்டு வந்தது. பென்சிலில், பெரிய பெரிய எழுத்தில் எழுதியிருந்தது.

“முடி தோள் வரைக்கும் வந்துடுச்சி. ஓட்டல்ல வேலை இருக்குது. அம்மா கல்லறையில புல்லு மொளைச்சா புடுங்கி வுடு. எனக்கு இனிமே எழுதாத.”

மூன்று மழைக்காலம் போய்ப் பிடுங்கினேன். செவ்வந்தி ஒன்று நட்டேன், ஆடு தின்றுவிட்டது. நாலாவது வருஷம் எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் வேலை கிடைத்தது. போகும்போது என் தம்பியிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவன் சரி என்றான். அடுத்த லீவுக்கு வந்து பார்த்தபோது இடுப்புயரம் கோரை வளர்ந்து, எது யாருடைய கல்லறை என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். வெயில் ஏறிவிட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று திரும்பி வந்துவிட்டேன்.